கல்விக்கடன்: முதல் நாளே ஓடத் தொடங்கும் வட்டியும் டெல்டா வீட்டுக் கணக்கும்

கவுன்சலிங் ஆர்டர் கைக்கு வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் டெல்டா வீடுகளில் காசு புழங்காத மாதங்கள். மேட்டூர்த் தண்ணீரை நம்பிப் போட்ட குறுவை இன்னும் வயலில் நிற்கும். சம்பாவுக்கு நாற்றங்கால், உழவு, விதை என்று செலவு காத்திருக்கும். கல்லூரியோ குறித்த தேதிக்குள் கட்டணம் கட்டச் சொல்லும். அந்த அவசரத்தில்தான் அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது, அல்லது ஒரு வரிகூடப் படிக்காமல் கடன் பத்திரத்தில் கையெழுத்து விழுகிறது. பிளஸ் டூ தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே வேலையைத் தொடங்கினால் இரண்டையும் தவிர்க்கலாம்.

திரும்பக் கட்ட வேண்டாத பணம் எது எது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அது போக மீதிக்குத்தான் கடன்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பொறியியல், மருத்துவம் போன்ற படிப்பில் இடம் கிடைத்திருந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவர்களுக்குக் கடன் அநேகமாகத் தேவைப்படாது. மற்றவர்களில், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்காதவர்களுக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களுக்குத்தான் இது பொருந்தும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் தம்பிக்குக் கிடைக்காது. அரசுப் பள்ளியிலும், அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலும் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது: பெண்களுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண், பையன்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) பிரகதி திட்டத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் உண்டு. வருமான வரம்பு 8 லட்சம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. இதைப் பற்றிக் கேள்விப்படாத வீடுகள்தான் அதிகம்.

உதவித்தொகை ‘சாங்ஷன்’ (ஒப்புதல் ஆனது) என்று காட்டும், பணம் மட்டும் வராது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அரசுப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. ஒரு ஆதாருக்கு நேரடிப் பணத்துக்கென்று ஒரே ஒரு வங்கிக் கணக்குதான் இணைந்திருக்கும். கடைசியாக எதை இணைத்தீர்களோ அது. பள்ளியில் தொடங்கிய கணக்கு ஒன்று, பிறகு தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வைத்துத் திறந்து கொடுத்த அஞ்சல் வங்கிக் கணக்கு ஒன்று என்று இருக்கும். பணம் இரண்டாவதில் விழுந்து கிடக்கும், பையன் முதல் பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். மாற்ற வேண்டுமானால் வேண்டிய கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுத்து, அது ‘நேரடி மானியத்துக்கு’ என்று சொல்லியே கொடுங்கள். ‘ஆதார் லிங்க் ஆகிவிட்டது’ என்று கவுன்ட்டரில் சொல்வது வெறும் அடையாளச் சரிபார்ப்பாகவும் (கேஒய்சி) இருக்கலாம்.

வருமானச் சான்றிதழ் இல்லாமல் மேலே சொன்னதில் பாதி நகராது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வழியாகத் தாசில்தார் அலுவலகம் போகும். ஜூனில் கூட்டம் அலைமோதும். மே மாதமே போட்டுவிடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. உதவித்தொகைக்கு 72,000 என்று ஒரு வருமானம், வங்கியில் ‘திருப்பிக் கட்டும் சக்தி’ காட்ட 6 லட்சம் என்று இன்னொன்று எழுதுகிறார்கள். இரண்டு காகிதமும் ஒரே கடன் கோப்பில் சந்திக்கும் நாளில், கடன் வட்டியை அரசு ஏற்கும் வட்டி மானியம் போய்விடும். எல்லா இடத்திலும் ஒரே தொகை இருக்கட்டும்.

இனி கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்து ஈடும் கிடையாது, கைப்பணமும் போட வேண்டாம். பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் உங்கள் பங்கு. அதையும் மொத்தமாக அல்ல, ஆண்டுதோறும் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டினால் போதும். 7.5 லட்சம் வரை, கடன் திரும்பாவிட்டால் வங்கிக்குப் பொறுப்பேற்கும் கடன் உத்தரவாத நிதித் திட்டம் இருப்பதால் ஈடு கேட்கத் தேவையில்லை. கடன் தவணை படிப்புக் காலமும் கூட ஓராண்டும் முடிந்த பிறகே தொடங்கும். இந்த இடைவெளிக்குத்தான் மாரட்டோரியம் என்று பெயர். ‘அதுவரை ஒன்றும் கட்ட வேண்டாம்’ என்று மேனேஜர் சொல்வது உண்மைதான். அதுவரை வட்டியும் இல்லை என்று வீட்டில் புரிந்துகொள்வதுதான் தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு வருடப் படிப்பு, ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 1 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000, இரண்டாவதுக்கு 40,000, மூன்றாவதுக்கு 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. ஆக 1,40,000. இந்தக் காலத்தில் தனி வட்டிதான் என்றாலும், மாரட்டோரியம் முடிந்த அன்று அது அசலோடு சேர்ந்துவிடும். வாங்கியது 4 லட்சம், தவணை ஆரம்பிப்பது 5,40,000 ரூபாய்க்கு. பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 7,136. வட்டியை அவ்வப்போது கட்டி வந்திருந்தால் அதே பத்து வருடத்துக்கு 5,286.

அவ்வப்போது கட்டுவது மலை இல்லை. முதல் வருடம் மாதம் 833 ரூபாய், இரண்டாம் வருடம் 1,667, மூன்றாம் வருடம் 2,500, அதன் பிறகு 3,333. புதுமைப்பெண் பணம் 1,000 வரும் வீட்டில் முதல் வருட வட்டி அதிலேயே முடிந்து மீதியும் இருக்கும். படிக்கும்போதே வட்டி கட்டினால் பல வங்கிகளில் 1 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். மாதாமாதம் முடியாது என்கிற விவசாய வீடுகள், குறுவை அறுப்பு முடிந்ததும் ஒரு தடவை, சம்பா நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போன பணம் வந்ததும் ஒரு தடவை கட்டலாம். கடன் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் பணம் போடலாம். சலுகைக்கு அந்த முறை பொருந்துமா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மானியம் கிடைத்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, கல்வித் தரத்தை மதிப்பிடும் நாக் அல்லது என்பிஏ அமைப்பின் அங்கீகாரம் உள்ள நிறுவனத்தில் தொழிற்படிப்போ தொழில்நுட்பப் படிப்போ படித்தால், மாரட்டோரியக் காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசு கட்டுகிறது. 1,40,000 அப்படியே மிச்சம். ஆனால் கடன் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தனியார் நிதி நிறுவனங்கள் கல்லூரி வளாகத்திலேயே மேசை போட்டு ஒரே நாளில் கொடுக்கும் கடனுக்கு இது வராது. படிப்பைப் பாதியில் விட்டாலும் மானியம் நின்றுவிடும். சான்றிதழைக் கொடுத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கிளையிலிருந்து கிளெய்ம் போக வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை ஸ்டேட்மென்ட் வாங்கி மானிய வரவு இருக்கிறதா என்று பாருங்கள்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டம் தனி. பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாத கடன். திருச்சி என்ஐடி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் அதில் வரும். 8 லட்சம் வரை வருமானமுள்ள வீடுகளுக்கு, 10 லட்சம் வரையான கடனில் மாரட்டோரியக் காலத்துக்கு 3 சதவீத வட்டி மானியம். மேலே போட்ட கணக்கில் அது 42,000 ரூபாய். வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்குபவர்களுக்கு இந்த 3 சதவீதம் கிடையாது. எது பெரிது என்று கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வங்கிக்குப் போகும் முன் இணைக் கடனாளியின் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கடன் வரலாற்றைத் தொகுக்கும் சிபில் போன்ற ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். அப்பாவின் பழைய பயிர்க்கடன் பாக்கி, அம்மாவின் குழுக்கடன், பக்கத்து வீட்டு டிராக்டருக்குப் போட்ட ஜாமீன் எல்லாம் அதில் தெரியும். அப்பா பெயரில் சிக்கல் இருந்தால் அம்மாவை இணைக் கடனாளியாக்க முடியுமா என்று கேளுங்கள். மாணவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் கையெழுத்திட்டு, வயது வந்தபின் மாணவர் உறுதிக் கடிதம் தர வேண்டும். பான் கார்டும் அப்போது இடிக்கும்: ஆதாரை வைத்து உடனே எடுக்கும் இ-பான் மைனருக்குக் கிடையாது. பெற்றோர் வழியாக விண்ணப்பித்து வாங்க நாளாகும். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலும் ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் படிப்பு, தனியார் மருத்துவக் கல்லூரி என்று 7.5 லட்சத்தைத் தாண்டும்போதுதான் டெல்டாவின் நிலச் சிக்கல் வெளியே வருகிறது. மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறதே, கடன் தர என்ன தயக்கம் என்று கேட்பார்கள். வாராக்கடனுக்காகச் சொத்தை நேரடியாகக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் தரும் சர்பேசி சட்டம், அதன் 31ஆம் பிரிவுப்படி விவசாய நிலத்துக்குச் செல்லாது. அதனால் காவிரிக்கரை நஞ்சையைவிட ஊருக்குள் இருக்கும் நாலு சென்ட் மனைக்கு வங்கியில் மதிப்பு அதிகம். ஆனால் அந்த மனையும் கோயில் மனையாகவோ மடத்து மனையாகவோ இருந்தால், மேலே மாடி வீடே கட்டியிருந்தாலும் அடிமனை உங்களுடையது இல்லை. அடமானம் வைக்க முடியாது. குத்தகை நிலமும் அப்படியே. தாத்தா பெயரில் பட்டா இருந்தால் வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை எல்லாம் முடித்து, மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வங்கி வக்கீலிடம் போய்த் திரும்ப மாதங்கள் ஆகும். நிரந்தர வைப்பு, சரண்டர் மதிப்புள்ள எல்ஐசி பாலிசி இருந்தால் அவற்றை ஈடாகக் காட்டுவது எளிது.

‘உங்கள் ஊர் எங்கள் கிளை எல்லையில் வராது’ என்று திருப்பி அனுப்பினால் வருத்தத்தோடு வெளியே வர வேண்டியதில்லை. வசிக்கும் இடம் சேவைப் பகுதிக்கு வெளியே என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்தால் எந்தத் தடயமும் இருக்காது. இணையத் தளத்தில் விண்ணப்பித்து விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அடுத்து மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம், வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் (ஒம்புட்ஸ்மேன்). மாவட்ட நிர்வாகம் நடத்தும் கல்விக்கடன் முகாம்களில் எல்லா வங்கிகளும் ஒரே கூடத்தில் உட்காரும். ஆவணம் முழுதாக இருந்தால் அங்கே போவது நல்ல வழி.

சாங்ஷன் லெட்டர் வந்ததும் வட்டி விகிதம், மாரட்டோரியம் முடியும் தேதி, காப்பீட்டு பிரீமியம் கடனில் சேர்ந்திருக்கிறதா என்கிற மூன்றையும் பாருங்கள். நன்கொடைக்குக் கடன் வராது; அங்கே படிப்பதற்கான போனபைடு சான்றோடு கல்லூரி தரும் ஆண்டுவாரிக் கட்டண விவரத்தில் உள்ளதற்குத்தான் வரும். இரண்டாம் வருடப் பணம் தானாகப் போகாது. முந்தைய செமஸ்டர் மதிப்பெண்ணும் புதிய கட்டணக் கடிதமும் கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே கிளையில் இருக்க வேண்டும்.

தவணைக் காலத்தை 15 வருடம் வரை நீட்டலாம். அதே 5,40,000க்கு மாதம் சுமார் 5,803 ஆகக் குறையும். ஆனால் மொத்தம் கட்டுவது 10,44,000க்கு மேல். பத்து வருடத்தில் முடித்தால் 8,56,000 சொச்சம். முதலில் நீண்ட தவணை எடுத்து, சம்பளம் ஏறியதும் கூடுதலாகக் கட்டி முடிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லை. வேலை கிடைக்கவில்லை என்றால் தவணை தவறும் முன்பே கிளையில் எழுதிக் கொடுங்கள். வேலையில்லாக் காலத்துக்கு மாரட்டோரியத்தை நீட்டித் தர மாதிரித் திட்டத்திலேயே இடமுண்டு. 90 நாள் நிலுவை தாண்டி வாராக்கடன் ஆன பிறகு போனால் பேச்சே வேறாகிவிடும். அடுத்த சாகுபடிக்குப் பயிர்க்கடன் கேட்டுப் போகும் அப்பாவுக்கும் அது இடிக்கும். சம்பளத்துக்கு வருமான வரி கட்டுபவர்கள் பழைய வரி முறையில் இருந்தால், கட்டிய வட்டி முழுவதற்கும் எட்டு வருடம் வரை கழிவு பெறலாம், அசலுக்குக் கிடையாது.

கடைசித் தவணை கட்டியதும் பாக்கியில்லாச் சான்றை வாங்குங்கள். சொத்து வைத்திருந்தால் அசல் பத்திரத்தை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரிலிருந்து விதித்திருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானப் பதிவு போட்டிருந்தால் ரசீதுப் பத்திரம் பதிந்து, புதிய வில்லங்கச் சான்று எடுத்து, ரசீது அதில் பதிவாகியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடுங்கள்.