வேண்டுமென்றே கழிவு

பீடிகளைக் கோணலாகச் சுற்றித் தாருங்கள் என்று பெரியம்மாவிடம் கேட்டதில் தவறொன்றும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சிற்பத்துக்கு அது தேவைப்பட்டது. குனிந்த ஒரு முதுகு. உள்ளே இரும்புக் கம்பிச் சட்டம், அதன்மேல் கோழி வலை, வலையின்மேல் பாஸ் புத்தகத்தின், அதாவது பீடி சுற்றுகிறவரின் கணக்கைப் பதியும் புத்தகத்தின், பக்க நகல்களை ஊறவைத்து அப்பிய காகிதக் கூழ், அதற்கும் மேலே தோலாகப் பீடிகள். கழுத்திலிருந்து இடுப்புக்கு இறங்க இறங்கப் பீடிகளின் நேர்த்தி குறைய வேண்டும். நூல் தளர்ந்து வாய் பிளந்து நிற்க வேண்டும். அம்மா கடைசி வருடங்களில் சுற்றியவை அப்படித்தான் இருந்தன.

பெரியம்மா சுளகிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "ஏட்டி, வேண்டுமென்றே கழிவு சுற்றச் சொல்கிறாயா?"

"கழிவு இல்லை பெரியம்மா. இந்தச் சிலைக்கு அதுதான் அழகு" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த இலையை எடுத்தார்.

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. இலையும் தூளும் எடைபோட்டுத் தருவார்கள். இலை மோசமாக இருந்து எண்ணிக்கை குறைந்தால், குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்கிச் சுற்றி நிரப்ப வேண்டும். கழிவென்று ஒதுக்கியதற்குக் காசு இல்லை. விரல் மூட்டுகள் வீங்கிய பிறகு அம்மாவுக்குக் கழிவு ஏறிக்கொண்டே போனது. தரம் பார்க்கிறவர் அம்மாவின் பீடிகளை அவள் கண்ணெதிரே ஒடித்துப் போடுவார். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். ஆகவே அந்தக் கோணல் என்னுடைய நினைவு. அதைச் செய்துகாட்ட எனக்கு உரிமை உண்டு. இப்படிச் சொல்லிக்கொண்டு சில நாள் நிம்மதியாக இருப்பேன். பிறகு, பெரியம்மாவும் அதே வரிசையில் நின்றவர்தானே என்பது நினைவுக்கு வரும்.

கொலம்பியச் சிற்பி டோரிஸ் சால்செடோ, காணாமல் போனவர்களின் காலணிகளை அவர்களுடைய குடும்பங்களிடமிருந்து பெற்று, சுவர்க் குழிகளுக்குள் வைத்து, மெல்லிய விலங்குச் சவ்வால் மூடித் தைத்திருக்கிறார். மாணவியாக இருந்தபோது அதைப் படத்தில்தான் பார்த்தேன். அவருக்கு வைக்க ஒரு பொருள் இருந்தது. எனக்கு அம்மா சுற்றிய பீடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. நல்லவை புகைந்து போயின, கெட்டவை ஒடிந்து போயின. வேறு ஒருவரிடம் செய்து வாங்குவதைத் தவிர என்ன வழி? கண்காட்சிப் பேச்சில் இதைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டும்படிதான் நானும் சொன்னேன்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையை வரையச் சொல்வார்கள். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் நிறுவப்பட்டது. நான்கு ஆண்கள் பாறையை நெம்புகிறார்கள். உழைப்பு தசையில் தெரிகிறது. பீடி சுற்றுகிறவளின் உழைப்பு தசையில் எங்கே தெரியும்? பின்னங்கழுத்தில் கொஞ்சம், முதுகில் கொஞ்சம். முதுகைச் செய்ய நினைத்தது அங்கிருந்துதான். அந்தக் கல்லூரியிலேயே வேறொன்றும் கற்றுக்கொடுத்தார்கள்: கை பழகிவிட்ட நேர்த்தியை உடைக்க வேண்டும், பிசகில்தான் உயிர் இருக்கிறது என்று. நான் அதை நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் என் பிசகுக்கு மதிப்பெண் கிடைத்தது. பெரியம்மாவின் பிசகுக்குக் கூலி பிடிக்கப்பட்டது. தகடு வைத்து இலை நறுக்கி, தூள் வைத்து உருட்டி, வாய் மடக்கி, நூல் கட்டும் வரை அவர் கை தானாக ஓடும். அந்தக் கையிடம் போய்ப் பிசகக் கேட்டேன்.

கூலி விஷயத்திலும் இடித்தது. நாள் கூலியாகத் தருகிறேன், அதுதான் உங்களுக்குக் கூடுதலாக வரும் என்றேன். "ஆயிரத்துக்குப் போடு, போதும்" என்றார். சிற்பத்தில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார். அவர் பெயரில் பாஸ் புத்தகம் இல்லை; அவர் சுற்றுவது இன்னொருத்தியின் புத்தகத்தில் பதிவாகிறது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே சொன்னது. புத்தகம் இல்லாதவர் அதை எப்படி நிரூபிப்பார்? ஆக, சிற்பத்தின் கீழே இருக்கும் அட்டையில் பீடி இலை, புகையிலை, நூல், காகிதம், இரும்பு, எபாக்சி என்று மட்டும் இருக்கிறது. எபாக்சி என்னும் பிசின் பூச்சு அரங்கத்தின் கட்டாயம். புகையிலையில் வண்டு வரும், பக்கத்துப் படைப்புகளுக்குப் பரவும் என்றார்கள். வண்டு வரும் என்பது உண்மைதான். பூசினேன். வாசனை போய்விட்டது. அதைப் பற்றி எனக்கு அவ்வளவு வருத்தமில்லை.

சொன்ன நாளில் பெரியம்மா கொடுத்தனுப்பினார். கட்டு கட்டாக, எல்லாம் ஒரே அளவு, ஒன்றிலும் பிசகில்லை. தனியாக ஒரு செய்தித்தாள் பொட்டலம். பிரித்தால் ஒரு கைப்பிடி கோணல் பீடிகள். போனில் கேட்டேன். "அது தானாக வந்த கழிவு. அதற்குக் கணக்குப் போடாதே" என்றார்.

நான் கேட்டதைத்தான் தந்தாரா, கேட்டதை மறுத்தாரா? இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் வருந்துவேன் என்பதற்காக அந்தப் பொட்டலத்தைச் சேர்த்திருக்கலாம். அல்லது அது வெறும் கணக்கு நேர்மையாக இருக்கலாம்; நான்தான் சிற்பி என்பதால் எல்லாவற்றிலும் பொருள் தேடுகிறேனோ என்னவோ. அந்தக் கைப்பிடி போதவில்லை. மீதியை ஈரத்துணியில் சுற்றிவைத்து, இலை பதமானதும் நானே வளைத்தேன், நூலைத் தளர்த்தினேன். காய்ந்த இலையாக இருந்தால் ஒடிந்திருக்கும்.

பார்க்க வருகிறவர்கள் இடுப்புப் பகுதியில்தான் நிற்கிறார்கள். இந்தப் பெண்களின் வலி இங்கே தெரிகிறது என்று ஒருவர் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். அங்கே இருப்பதில் பெரும்பகுதி என் விரல் வேலை. மேலே கழுத்தருகே, யாரும் நிற்காத இடத்தில், பெரியம்மாவின் வரிசைகள் இருக்கின்றன. அவரை அழைத்துவந்து காட்ட வேண்டும் என்று அரங்கத்தில் சொன்னார்கள். பயணச் செலவையும் தருவதாகச் சொன்னார்கள். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. வந்தால் எது தன்னுடையது, எது நான் வளைத்தது என்று ஒரே பார்வையில் பிரித்துவிடுவார். அதற்குப் பயந்து சொல்லாமல் இருக்கிறேன் என்று தோழி சொல்கிறாள். அரங்கத்துக்கு வந்தால் அவருக்கு இரண்டு நாள் கூலி போகும் என்கிறேன் நான். அதுவும் பொய்யில்லை.