சுவரோரச் செடி

ஜூலை 4
மாடிப்படிக்குக் கீழே, சுவரோரம் ஒரு செடி. நேற்றுவரை கண்ணில் பட்டதில்லை. முழங்கால் உயரம்கூட வராது. ஊதா கலந்த இளஞ்சிவப்பில் சின்னக் குஞ்சம் மாதிரி பூ. அம்மா தூங்கிவிட்டாள். போன் வரவில்லை.

ஜூலை 5
சீதேவி செங்கழுநீர் என்று எழுதி வைத்தேன்.

ஜூலை 7
இல்லை, அது இல்லை. விடிந்ததும் லென்ஸோடு போய் உட்கார்ந்தேன். சூரியகாந்திக் குடும்பம்தான், ஒற்றைப் பூவாகத் தெரிவது ஒரே தலையில் நெருக்கியடித்து நிற்கும் சிறுபூக்களின் கூட்டம். சூரியகாந்தியின் ஓரத்து மஞ்சள் நாக்குகள் இதில் இல்லை, எல்லாமே குழல். ஆனால் சீதேவி செங்கழுநீரும் அப்படித்தானே. தலையைத் தாங்கும் பச்சைச் செதில்களைப் பார்த்தால்தான் பிடிபடும். செங்கழுநீரில் அவை ஓடு வேய்ந்ததுபோலப் பல அடுக்கு. இதில் ஒரே வரிசை, விளிம்போடு விளிம்பு ஒட்டி, குப்பி போல. எண்ணினேன், எட்டு. திரும்பவும் எண்ணினேன். அடியிலையை ஜன்னல் வழியே பார்த்த அம்மா, "முள்ளங்கி இலை மாதிரில்லா இருக்கு" என்றாள். மேலிலைக்குக் காம்பே கிடையாது. அடியில் இரண்டு காது வைத்துத் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கிறது.
முயல்செவி.

ஜூலை 8
போன் செய்தேன். நாளைக்காம்.

ஜூலை 10
இன்றும் நாளைக்காம். ஒரு தாளில் நாலு வரி எழுத இத்தனை நாளா? வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும்.
இரவு தூக்கமில்லை. தாவரங்களுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ் 1753-இல் இதைக் கக்காலியா என்ற பேரினத்தில் சேர்த்தார். 1834-இல்தான், ராபர்ட் வைட்டின் இந்தியத் தாவர நூலில், தாவரவியலாளர் டி கண்டோல் இதை எமிலியா சோன்சிஃபோலியா ஆக்கினார். 81 வருஷம்.

ஜூலை 13
அண்ணன் மண்வெட்டியோடு சுவரோரம் போனான். கத்திவிட்டேன். அம்மா காதில் விழுந்திருக்கும். எப்படியும் காய்ந்துபோகிற ஒரு பருவத்துச் செடிதான். விதை விழும்வரையாவது விடலாமே.

ஜூலை 16
எட்டுதான். இன்னொரு தலையிலும் எட்டு.

ஜூலை 18
கர்க்கடகம் பிறந்துவிட்டது. கேரளத்தில் பெண்கள் தசபுஷ்பம் சூடுகிற மாதம். அந்தப் பத்தில் முயல்செவி உண்டு, கரிசலாங்கண்ணி உண்டு, அங்கே பூவாங்குருந்தல் எனப்படும் நம் செங்கழுநீரும் உண்டு. மூன்றுமே இந்தக் குடும்பம். நான் குழம்பிய இரண்டும் ஒரே கூந்தலில். அம்மாவிடம் சொன்னேன். "பறிச்சிட்டு வா" என்றாள். மனசு வரவில்லை.

ஜூலை 19
முதல் தலை விரிந்துவிட்டது, வெள்ளைப் பஞ்சாக. ஒரு விதை ஜன்னல் கம்பியில் ஒட்டி நின்றது. ஐந்து விலா, மேலே சன்ன மயிர்.
நாளைக் காலை ஏழரைக்கு அம்மாவைக் கூட்டி வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் துணி எடுத்து வைக்க வேண்டும். லென்ஸும்.