மிச்சம் நின்ற ஒரு ஒய்

2006 அக்டோபரில் பாண்டிச்சேரி அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்த எனக்கு அதனால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கண்டக்டர் அப்போதும் "பாண்டி, பாண்டி" என்றுதான் கூவினார். அங்கே ஒரு கல்லூரியில் மைக்ரோபிராசசர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்ப் பலகைகள் மாறத் தொடங்கிய அந்த நாட்களில் பையன்களுக்கும் அதையே பயிற்சியாகக் கொடுத்தேன். மெமரியில் ஆங்கிலத்தில் பழைய பெயர், ஒரு சிறுகோடு, 605001 என்ற பின்கோடு, கடைசியில் டாலர் குறி. பெயரை மட்டும் மாற்ற வேண்டும், 8086 பிராசசரின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நாமே எழுதும் அசெம்பிளி மொழியில்.

முதல் ஆள் அரைமணியில் கூப்பிட்டான். "சார், ஒரு ஒய் கூடுதலா வருது."

வரத்தான் செய்யும். ஆங்கிலத்தில் பழைய பெயருக்கு 11 எழுத்து, புதியதற்கு 10. பத்தை மேலே எழுதினால் பதினொன்றாவது இடத்திலிருந்த பழைய ஒய் அப்படியே நிற்கும். சி மொழியில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சி. அசெம்பிளியில் சொல் என்று ஒன்று கிடையாது, எழுத்துக்கு ஒன்றாக வரிசையாகப் பைட்டுகள்தான். எங்கே முடிகிறது என்பதை நாம்தான் கணக்கு வைக்க வேண்டும். டாஸ் இயங்குதளத்தில் எழுத்துகளைத் திரையில் காட்டுகிற இன்டரப்ட் 21-இன் 9ஆம் சேவை டாலர் குறியைப் பார்க்கும்வரை காட்டிக்கொண்டே போகும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இன்னொருவன் சாமர்த்தியமாக அந்த ஒய் மேலேயே டாலரை வைத்தான். ஒய் போனது, கூடவே பின்கோடும் போனது.

சிறுகோட்டிலிருந்து டாலர்வரை 8 பைட். அதை ஓரிடம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். பிராசசருக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் என்ற சின்னப் பெட்டிகளில் மதிப்புகளைப் போட வேண்டும்: எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் எஸ்ஐ-யில் சிறுகோட்டின் முகவரி, எங்கே வைப்பது என்று சொல்லும் டிஐ-யில் அதற்கு முந்தைய முகவரி, எத்தனை தடவை என்று சொல்லும் சிஎக்ஸில் 8. பிறகு முன்னோக்கிப் போகச் சொல்லும் சிஎல்டி, ஒவ்வொரு பைட்டாக நகலெடுக்கும் ரெப் மூவ்எஸ்பி. பாதிப் பேருக்கு அப்போதும் பழைய பெயரே வந்தது. மெமரியில் எந்தப் பகுதி என்று சொல்லும் ரெஜிஸ்டர்கள் டிஎஸ், இஎஸ். டிஎஸ்ஸுக்கு மதிப்பு கொடுத்துவிட்டு இஎஸ்ஸை மறந்திருந்தார்கள். மூவ்எஸ்பி எடுப்பது டிஎஸ் பக்கமிருந்து, வைப்பது இஎஸ் பக்கம். எக்ஸி (.exe) புரோகிராம் தொடங்கும்போது இஎஸ், டாஸ் தன் தகவல்களை வைத்திருக்கும் பிஎஸ்பி பகுதியைக் காட்டும். பையன்கள் நகலெடுத்ததெல்லாம் அங்கே போய் விழுந்திருந்தது. நானும் படித்த காலத்தில் இதே குழியில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தவன்தான், அதனால் திட்டவில்லை.

அப்புறம் ஒருவன் குறும்பாகத் திரும்பவும் பழைய பெயரைக் கொண்டுவரப் பார்த்தான். இப்போது வலப்பக்கம் ஓரிடம் தள்ள வேண்டும். கடைசியில் ஒரு பைட் காலியாக விட்டிருந்தான், அதுவரை சரி. ஆனால் முன்னாலிருந்தே நகலெடுத்தான். சிறுகோடு 6-இன் மேல் விழுந்தது, அந்தச் சிறுகோடே 0-வின் மேல் விழுந்தது, இப்படியே போய் டாலரையும் தின்றுவிட்டது. நிறுத்த ஆளில்லாமல் திரை முழுக்கக் குப்பை, நடுநடுவே பீப் சத்தம். லேபே சிரித்தது.

கரும்பலகையில் எதையோ வரையப் போனவன் நிறுத்திவிட்டு, காலையில் பஸ்ஸில் வரும்போது முள்ளோடையில் நடந்ததைச் சொன்னேன். மூன்று பேர் சீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஜன்னலோரம் காலி. ஏறிய அம்மா ஓரத்திலிருந்த என்னைத் "தள்ளி உக்காருங்கண்ணே" என்றார். நடுவிலிருந்தவர் ஜன்னலுக்கு நகராமல் நான் எப்படித் தள்ளுவது? அவர் மடியில்தான் உட்கார வேண்டும். கடைசி ஆள் முதலில் நகர வேண்டும். அதற்குத்தான் எஸ்டிடி என்ற கட்டளை, அதைப் போட்டால் எஸ்ஐயும் டிஐயும் கடைசியிலிருந்து பின்னோக்கி இறங்கும்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. பழைய பெயர் பின்கோடோடு ஒழுங்காக வந்தது. அடுத்த வாரம் ரெக்கார்டு நோட்டில் ஃப்ளோசார்ட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பஸ் சீட்டும் வரைந்திருந்தான். வேலை முடிந்ததும் சிஎல்டி போட்டுத் திசையைத் திருப்பி வைக்க வேண்டும் என்பதை அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டிருந்தேன். அவன் புரோகிராமிலும் அது இல்லை. பென்சிலால் அந்த வரியை நானே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.