பித்தளையா, அலுமினியமா? ஒரு பழைய லுட்விக் ஸ்நேர் டிரம்மைச் சோதித்து வாங்கிய அனுபவம்

சிகாகோ புறநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற டிரம்மர் ஒருவர், தம்மிடமிருந்த லுட்விக் நிறுவனத்தின் ஸ்நேர் டிரம் (அடிப்புறத் தோலில் கம்பிகள் அதிர்ந்து சரசரக்கும் சிறு டிரம்) 1960களின் தொடக்கத்தில் செய்யப்பட்டது, பித்தளை உடலின் மேல் க்ரோம் முலாம் பூசியது, ஒரு திருகுகூட மாற்றப்படாதது என்று சொல்லி விலை கூறினார். அவருடைய நேர்மையில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் இவை மூன்று தனித்தனிக் கூற்றுகள் என்பதால், ஒவ்வொன்றையும் தனியே சோதித்த பின்னரே பணம் தர விரும்பினேன். கழற்றிப் பார்க்க அவரும் மனமுவந்து இசைந்தார்.

உலோகத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படக் காரணம் உண்டு. 1960ஐ ஒட்டிய சில ஆண்டுகள் மட்டும் இந்த வகை டிரம்மை 'சூப்பர் லுட்விக்' என்ற பெயரில் பித்தளையில் செய்த நிறுவனம், 1963இல் அலுமினியக் கலவைக்கு மாறியது. 'சூப்ராஃபோனிக் 400' என்று உலகம் அறிவது அதைத்தான். 14 அங்குல விட்டம், 5 அங்குல ஆழம், 10 லக் (தோலை இறுக்கும் திருகாணிகளைப் பிடிக்கும் பாகம்), உடலின் நடுவே ஓடும் ஒற்றை மேடு என வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. 1964 பிப்ரவரியில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் லுட்விக் டிரம் வாசித்ததை அமெரிக்கா பார்த்த பிறகு தேவை பெருகியதால், அலுமினிய ஸ்நேர்கள் ஏராளமாக வெளிவந்தன. பித்தளையில் ஆனவை அரிதாகிவிட்டன. விலையும் அதற்கேற்பக் கணிசமாகக் கூடுதல்.

காந்தத்தை வைத்தால் உண்மை தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பித்தளை, அலுமினியம் இரண்டிலுமே காந்தம் ஒட்டாது என்பதால் டிரம்மின் உடலைப் பொறுத்தவரை அந்தச் சோதனை எதையும் தீர்த்து வைப்பதில்லை. ஆனால் டிரம்மின் தோலை விளிம்பில் அழுத்திப் பிடிக்கும் வளையங்களான ஹூப்களுக்கு அது மிகவும் பயன்பட்டது. கீழ் ஹூப்பில் காந்தம் ஒட்டவில்லை, மேல் ஹூப் அதைப் பற்றி இழுத்தது. அதாவது கீழே இருந்தது 1960களின் முற்பகுதிக்குரிய பித்தளை ஹூப், மேலே இருந்தது எஃகு.

ஹெட்களையும் (மேல், கீழ்த் தோல்கள்) ஸ்நேர் கம்பிகளையும் நீக்கி வெற்று உடலைத் தூக்கியபோதே பாதி விடை கிடைத்துவிட்டது. பித்தளையின் அடர்த்தி அலுமினியத்தைப்போல ஏறத்தாழ 3 மடங்கு. வீட்டில் பித்தளைக் குடம் தூக்கிப் பழகிய கைக்கு அந்த வேறுபாடு உடனே தெரியும். ஆயினும் துத்தநாக வார்ப்பு லக்குகள் தம் பங்குக்கு எடையைக் கூட்டுவதால், கை உணர்வை மட்டும் நம்பி முடிவுக்கு வர நான் விரும்பவில்லை. லக் ஒன்றைக் கழற்றி, திருகின் வாஷர் பல்லாண்டுகள் அழுத்தித் தேய்த்த துளை விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தேன். முலாம் போன இடத்தில் மஞ்சள் நிறமே இல்லை. வெண்சாம்பல் உலோகம்தான் தெரிந்தது. உடலின் வெளிப்புறத்தில் க்ரோம் சிறு சிறு குழிகளாகவும் கொப்புளங்களாகவும் பெயர்ந்திருந்ததும் அலுமினியத்தின் அடையாளமே, ஏனெனில் அலுமினியத்தின் மேல் க்ரோம் உறுதியாகப் பிடிப்பதில்லை. பித்தளையாக இருந்தால் தேய்ந்த இடம் மஞ்சளாகவோ பச்சைக் களிம்பேறியோ இருந்திருக்கும்.

அதன் பிறகே நிறுவனப் பெயர்த்தகடான பேட்ஜைப் பார்த்தேன். பேட்ஜ் எளிதில் இடம் மாற்றக்கூடிய பாகம் என்பதால் அதைக் கடைசியில் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. இது வரிசை எண் பொறித்த 'கீஸ்டோன்' பேட்ஜ். அந்த எண்கள் 1963இன் இறுதியில்தான் தொடங்கின. 1970ஐ ஒட்டி கீஸ்டோன் வடிவம் நின்று, நீலமும் ஆலிவும் கலந்த கூர்முனைப் பேட்ஜ் வந்தது. தொழிற்சாலையில் பேட்ஜ்களை எண் வரிசைப்படி எடுத்துப் பொருத்தவில்லை என்பதால், எண்ணைக் கொண்டு மாதத்தைக் குறிக்க முயல்வது வீண். பேட்ஜைப் பிடித்திருக்கும் காற்றுத் துளை வளையத்தின் உட்புற மடிப்பு சீராகவும் கீறலின்றியும் இருந்ததால், அது இந்த உடலோடு பிறந்ததே என்று ஏற்றுக்கொண்டேன்.

ஸ்நேர் கம்பிகளை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் ஸ்ட்ரெயினர்தான் ஒத்துவரவில்லை. இந்தக் காலத்து டிரம்மில் பி-83 வகை இருக்க வேண்டும். இருந்ததோ 1960களின் இறுதியில் அறிமுகமான பி-85. 'பேஸ்பால் பேட்' என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் நீண்ட மஃப்ளர் (ஒலியின் அதிர்வை அடக்கும் பாகம்) உள்ளே பழையபடியே இருந்தது. உடலில் கூடுதல் துளை ஒன்றுகூட இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. பாகங்களைத் தேடிப் பிடித்து மாற்றிவிடலாம். துளையை மூட வழியில்லை.

கண்டதையெல்லாம் அவருக்கு உருப்பெருக்கியிலேயே காட்டினேன். பல ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ரெயினர் உடைந்து கடையில் மாற்றியதும், அப்போதே மேல் ஹூப்பும் மாறியதும் அவருக்கு நினைவுக்கு வந்தன. 1960களின் நடுப்பகுதி அலுமினிய சூப்ராஃபோனிக் என்ற கணக்கில் விலையைக் குறைத்தார். நானும் மகிழ்ச்சியோடு வாங்கினேன். பித்தளை இல்லை என்பதில் எனக்கு வருத்தமே இல்லை, ஏனெனில் எத்தனையோ ஒலிப்பதிவுகளில் நாம் கேட்டு வளர்ந்த ஸ்நேர் ஒலி இந்த அலுமினியத்தின் ஒலிதான்.

அக்காலத்து பி-83 ஒன்றைத் தேடிப் பொருத்திவிட்டேன். கழற்றிய பி-85ஐயும் பத்திரமாக வைத்திருக்கிறேன். எந்தப் பாகம் அசல், எது பின்னர் வந்தது, எந்தச் சான்றைக் கொண்டு அப்படிச் சொல்கிறேன் என்பதைப் படங்களோடு ஒரு தாளில் எழுதி, டிரம்மின் பெட்டிக்குள் வைத்துள்ளேன். அடுத்து வாங்குபவர் லக்கைக் கழற்றாமலே அதைப் படித்துக்கொள்ளலாம்.