அதே கேள்வி ஆறாவது முறை: ஒரு மருந்து ஆய்வில் சேர்ந்து வெளியே வந்த கதை

"எத்தனை வருஷமா சர்க்கரை இருக்கு?"

இந்தக் கேள்விக்கு அன்று காலையில் மட்டும் ஐந்து பேருக்குப் பதில் சொல்லியிருந்தேன். பதிவு செய்யும் இடத்தில் ஒருவர், இரத்த அழுத்தம் பார்த்த செவிலியர், ஒரு பயிற்சி மருத்துவர், மேற்படிப்பு படிக்கும் மருத்துவர், அப்புறம் உதவிப் பேராசிரியர். ஆறாவதாக ஒரு மாணவன், ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போடவே இன்னும் கூச்சப்படுகிற வயசு, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஒன்பது வருஷம் தம்பி, அந்த ஃபைலிலேயே எழுதியிருக்கு பாரு" என்றேன். "தெரியும்மா. ஆனா ஃபைலைப் பார்க்காம நானே கேட்டு எழுதணும்னு சொல்லியிருக்காங்க" என்றான்.

இது நகரத்து நடுவில் இருக்கும் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில் நடந்தது. புதிய சர்க்கரை மாத்திரை ஒன்றைச் சோதிக்கும் ஆய்வில் சேரப் போயிருந்தேன். சேர்வதற்கே நாலரை மாதம், ஆய்வு ஓர் ஆண்டு. எப்படி இருந்தது, பயமில்லையா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன் பல வருடம் ஒரு தனியார் கிளினிக்கில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மருத்துவர், குறை சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு முறைக்கு நாலு நிமிடம்தான் கிடைக்கும். அளவு ஏறியிருந்தால் மாத்திரையும் ஏறும். இரண்டு வருடமாகக் கால் மரத்துப் போகிறது என்று சொன்னதற்கு, "சர்க்கரை இருக்கறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்பது பதில். மூன்று மாதச் சராசரி 8.6க்குக் கீழே இறங்கவே இல்லை என்றானதும் அவரே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள், உங்கள் அளவு அதற்குப் பொருந்தும், போய்ப் பாருங்கள் என்று.

முதல் நாள் நாலு மணி நேரம் காத்திருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. பலகை ஒரு பக்கம் கையைக் காட்டும், காவலாளி வேறு பக்கம் காட்டுவார். கல்லூரி, மருத்துவமனை, ஆய்வுக்கூடம் எல்லாம் ஒரே வளாகம் என்பதால் ஒரு தாழ்வாரத்தில் நடந்தால் இடது பக்கம் வகுப்பு நடக்கும், வலது பக்கம் ஸ்ட்ரெச்சர் போகும், கோடியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் யாரோ குழாய்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள். கூட்டமோ கூட்டம். அந்தக் கூட்டம்தான் இந்த மாதிரி இடங்களின் முதல் சொத்து என்று அப்புறம்தான் புரிந்தது. பணம் இருக்கிறவர், இல்லாதவர், எல்லா வயசு, எல்லா விதமான நோய், முற்றிப் போய் வந்தவர், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர் எல்லாரும் ஒரே வரிசையில். ஒரு மாணவன் இங்கே ஒரு வருடத்தில் பார்ப்பதைச் சின்ன மருத்துவமனையில் பத்து வருடம் இருந்தாலும் பார்க்க முடியாது.

அடுத்தது ஒப்புதல் படிவம். பத்தொன்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் நெறிமுறைக் குழுவின் முத்திரை, எத்தனையாவது திருத்தம் என்ற எண். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள், இன்றைக்குக் கையெழுத்து வேண்டாம் என்றார் கோஆர்டினேட்டர். வீட்டுக்காரர் நாலு பக்கம் புரட்டிவிட்டு, "உன்னை எலியாக்கப் போறாங்க" என்றார். மறுநாள் அதை அப்படியே கோஆர்டினேட்டரிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அப்படி நடந்திருக்கு மேடம், அதனாலதான் இத்தனை பக்கம்" என்று டஸ்கெகீ கதையைச் சொன்னார். அமெரிக்காவில் 1932இல் அரசின் பொதுச் சுகாதாரத் துறையே தொடங்கிய ஆய்வு. சுமார் 600 கறுப்பின ஆண்கள், அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய். என்ன நோய் என்று அவர்களிடம் சொல்லவே இல்லை, 'கெட்ட இரத்தம்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். 1947 வாக்கில் பென்சிலின்தான் அந்த நோய்க்கு மருந்து என்று ஊருக்கே தெரிந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், 1972இல் செய்தி வெளியே வந்து நிறுத்தப்படும் வரை. நாற்பது வருடம்! கேட்டுவிட்டு ஒரு நிமிடம் நான் பேசவில்லை. ஆய்வில் சேரச் சொல்லும் ஆளே அந்த ஆய்வுக்கு எதிரான வாதத்தையும் எடுத்து முன்னால் வைத்தாரே, அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

மூன்று கேள்வி கேட்டேன். பாதியில் விலகலாமா? எந்த நாளும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டாம், இங்கே உங்களுக்குக் கிடைக்கிற சிகிச்சை நிற்காது. உடம்புக்கு ஏதாவது ஆனால்? இந்த எண்ணுக்கு இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம். என் பெயர் வெளியே தெரியுமா? தெரியாது, உங்களுக்கு ஒரு எண்தான். கையெழுத்துப் போட்டேன். சேருகிறவர்கள் படிவத்தைப் படிக்காமல் போடாதீர்கள். குறிப்பாகப் 'பக்க விளைவுகள்' பகுதி. பயமுறுத்தும், ஆனாலும் படியுங்கள்.

அப்புறம்தான் தகுதிப் பரிசோதனை, அந்த ஆறாவது கேள்வி.

பயிற்சி மருத்துவரிலிருந்து உதவிப் பேராசிரியர் வரை எல்லாரும் என் காலை ஒரு முறை பார்த்துவிட்டு 'மரத்துப்போதல் உண்டு, சர்க்கரையால்' என்று எழுதிவிட்டார்கள். அந்தத் தம்பிக்கு அப்படிக் கடந்து போகத் தெரியவில்லை. புத்தகத்தில் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையிலேயே செய்தான். முதலில் ஒரு நைலான் இழை, தூண்டில் நரம்பு மாதிரி, பாதத்தில் வைத்து அது வளையும் வரை அழுத்துவது. வளையும்போது சரியாக 10 கிராம் அழுத்தம் என்று அவனே சொன்னான், எனக்குச் சொன்னானா தனக்கே சொல்லிக்கொண்டானா தெரியவில்லை. அப்புறம் இசைக்கவை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்ததேதான், 128 ஹெர்ட்ஸ். உள்ளங்கையில் தட்டி, அதன் காம்பைக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்து, "கண்ணை மூடிக்கோங்கம்மா, அதிர்வு நின்னதும் சொல்லுங்க" என்றான். "நின்னுடுச்சு" என்றேன். உடனே அதை எடுத்து என் மணிக்கட்டு எலும்பில் வைத்தான். ர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிர்வு நிற்கவில்லை, என் காலுக்குத்தான் தெரியவில்லை.

எழுந்து நிற்கச் சொல்லி, பாதங்களைச் சேர்த்துக் கண்ணை மூடச் சொன்னான். ஆடினேன். "இருட்டுல நடந்தா தடுமாறுமா?" ஆமாம். "மெட்ஃபார்மின் எவ்வளவு?" நான் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை அது, ஒரு நாளைக்கு 2 கிராம். "ஒன்பது வருஷமாவா?" ஆமாம். அவன் தயங்கிவிட்டு, "வைட்டமின் பி12 எப்பவாவது பார்த்திருக்காங்களா?" என்று கேட்டான். இல்லை. ஒன்பது வருடத்தில் யாரும் பார்த்ததில்லை. பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறையும், அந்தக் குறைவும் நரம்பைத்தான் பாதிக்கும், பார்த்தால் சர்க்கரை நோயின் நரம்புக் கோளாறு மாதிரியே இருக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது.

பி12 பரிசோதனையின் முடிவு 148 என்று வந்தது. 200க்குக் கீழே என்றால் குறைவு. பேராசிரியர் மாணவர்களை என் கட்டிலைச் சுற்றி நிறுத்திக்கொண்டு அந்தத் தம்பியின் தோளில் தட்டினார். 1921இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பான்டிங்கோடு சேர்ந்து இன்சுலினைத் தேடிய சார்லஸ் பெஸ்ட்டும் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்த பையன் என்றார். 1922 ஜனவரி 11ஆம் தேதி பதினாலு வயது லெனர்டு தாம்சனுக்குப் போட்ட முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை, ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்ததுதான் மிச்சம். அவர்களோடு இருந்த காலிப் என்ற உயிர்வேதியியலாளர் அந்தக் கணையச் சாற்றை இன்னும் சுத்தமாக்கிக் கொடுத்த பிறகு 23ஆம் தேதி போட்டது பிடித்துக்கொண்டது. காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் என் தலைக்கு மேலேதான் பேசிக்கொண்டார்கள். நான் ஒருத்தி படுத்திருப்பது அவர்களுக்கு மறந்தே போயிருக்கும். அது ஒரு குறைதான். துணியைச் சரிசெய்துகொள்ள ஒரு நிமிடம் கொடுங்கள் என்று நானேதான் கேட்க வேண்டியிருந்தது. நீங்களும் கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சந்தோஷப்படுவதா என்று யோசிப்பதற்குள், "இப்போ உங்களை ஆய்வில் சேர்க்க முடியாது" என்றார் பேராசிரியர். கோபம்தான் வந்தது. இவ்வளவு அலைந்தது எதற்கு? அவர் உட்கார்ந்து விளக்கினார். மூன்று மாதச் சராசரி என்கிறோமே எச்பிஏ1சி, அது இரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் கணக்கு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதனால்தான் அது மூன்று மாதக் கதையைச் சொல்கிறது. பி12 குறைந்தால் புதுச் சிவப்பணு உண்டாவது குறையும், பழைய அணுக்களே அதிகம் இருக்கும், அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். உங்கள் 8.6இல் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு பி12 என்று தெரியாமல் உங்களைச் சேர்த்தால் ஆய்வும் பொய், உங்கள் சிகிச்சையும் பொய். சர்க்கரை நோயாளிகளின் இரத்தத்தில் இந்த ஹீமோகுளோபின் மாற்றத்தை 1968இல் கவனித்துச் சொன்னவர் டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் இருந்த சாமுவேல் ரஹ்பர் என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் ஒரு பெருநகரத்து அரசுப் பல்கலைக்கழகம்தான்.

பி12 ஊசி ஆரம்பித்து நாலு மாதம் காத்திருந்தேன். திரும்ப எடுத்தபோது 8.1. தகுதிக்குள்தான் இருந்தது, சேர்த்துக்கொண்டார்கள்.

எந்த மாத்திரை யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவது மாதிரி முடிவு செய்யும். எனக்கு வந்தது உண்மையான மருந்தா வெறும் மாத்திரையா என்பது எனக்கும் தெரியாது, கொடுக்கிற மருத்துவருக்கும் தெரியாது. நோயாளியை வைத்துச் சீட்டா என்று முதலில் உறுத்தியது. 1948இல் பிரிட்டனில் வெளியான காசநோய் ஆய்வில் இதைத்தான் செய்தார்கள் என்றார் அங்கிருந்த மருத்துவர். ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாருக்கும் போதாத நேரம், 107 பேரில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும், யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள். சிபாரிசுக்கு அங்கே இடமில்லை. அதைக் கேட்டதும் சீட்டே மேல் என்று தோன்றியது.

அந்த ஒரு வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குறித்த நாளில் வெறும் வயிற்றில் போக வேண்டும், மிச்ச மாத்திரைகளைப் புட்டியோடு கொண்டு போக வேண்டும், அவர்கள் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். இரண்டு மாத்திரை கூடுதலாக இருந்தால் எந்த இரண்டு நாள் விட்டது என்ற விசாரணை. படியில் கால் பிசகியதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன், அதையும் 'பாதகமான நிகழ்வு' என்று படிவத்தில் ஏற்றிவிட்டார்கள். மாத்திரைக்கும் படிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "தலை சுத்திச்சா?" என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்! ஒரு நாள் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண் என் இரத்தம் எங்கே போகிறது என்று காட்டினாள். சுழற்றும் இயந்திரத்தில் போட்டு எடுத்தால் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவாக ஒரு திரவம், அதைப் பிரித்துச் சின்னக் குழாய்களில் அடைத்து மைனஸ் 80 டிகிரி பெட்டியில் வைக்கிறாள். குழாய் மேல் என் பெயர் இல்லை, எண்தான் இருந்தது.

ஆய்வு முடிந்து பல வாரம் கழித்துக் கடிதம் வந்தது. எனக்குக் கொடுத்தது வெறும் மாத்திரை. அளவு மட்டும் 7.5க்கு வந்திருந்தது. நடை, நேரத்துக்கு மெட்ஃபார்மின், மாதா மாதம் யாரோ எண்ணுவார்கள் என்ற பயம், எது வேலை செய்ததோ. "இல்லாத மருந்துக்கா இவ்வளவு அலைஞ்ச?" என்று வீட்டுக்காரர் இன்னும் சிரிக்கிறார். கால் முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறேன்.

இப்போது அங்கேதான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் வேறு ஒரு மாணவி வந்தாள். எத்தனை வருடமாகச் சர்க்கரை என்று அவள் வாயைத் திறப்பதற்குள் நானே ஆரம்பித்துவிட்டேன். பத்தரை வருஷம், மெட்ஃபார்மின் 2 கிராம், பி12 ஊசி போட்டாச்சு, கட்டைவிரல்ல அதிர்வு கொஞ்சம் திரும்பியிருக்கு.

"இருங்கம்மா" என்றாள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் இன்னும் அந்தக் கேள்விக்கு வரல."