கடகடன்னு படிக்கிறாங்க, அப்புறம்?

கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை பக்கம், கர்நாடகா எல்லைய ஒட்டி ஒரு கிராமத்துல சாயங்காலம் இல்லம் தேடிக் கல்வி சென்டர் நடத்திட்டு வந்தேன். கொரோனாவுல ஸ்கூல் மூடி கெடந்ததுக்கு அப்புறம் 2021 கடைசில ஆரம்பிச்சாங்களே அந்த அரசு திட்டம் தான், சொல்லித்தர்றவங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா ஊக்கத்தொகை (அத பத்தி பேச ஆரம்பிச்சா இன்னொரு கட்டுரை ஆயிடும், விடுங்க). இப்பவும் பசங்க எங்க வீட்டு திண்ணைக்கு வந்துடறாங்க. பாதி பேருக்கு வீட்ல தெலுங்கு, கொஞ்ச பேருக்கு கன்னடம், தமிழ் மட்டும் பேசுற வீடு எங்க ஊர்ல கம்மி.

எழுத்து கூட்டி படிக்க வைக்கிறது கஷ்டம் தான், ஆனா அது வந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு அம்மா அப்பாவும் நெனைக்கிறாங்க, சில டீச்சருங்களும் நெனைக்கிறாங்க. அங்க தான் எனக்கு சண்டை. "பத்தியைப் படித்து விடை எழுதுக"ல ஃபுல் மார்க் வாங்குற பொண்ணு கிட்ட கதை என்னம்மான்னு கேட்டா முழிக்கும். ஒரு நாள் வேணும்னே அர்த்தமே இல்லாத வார்த்தையா போட்டு போர்டுல எழுதுனேன்: "டிம்பன் காலையில் சிலாவை மொடுக்கினான்." யார் மொடுக்கினான், எதை மொடுக்கினான், எப்போது மொடுக்கினான், மூணு கேள்வி. எல்லாரும் சரியா எழுதிட்டாங்க! சிலான்னா என்னடான்னு கேட்டா "தெர்லக்கா". அப்ப எப்டி எழுதுன? "அந்த வரிலயே இருக்குதேக்கா." அவ்ளோ தான் விஷயம், நம்ம கேள்வித்தாள்ல முக்காவாசி கேள்வி இப்டி தான் இருக்கு, கேள்வில இருக்குற வார்த்தைய பத்தில தேடி பக்கத்துல இருக்குறத காப்பி பண்ணா போதும்.

ஆனா இன்னொரு பக்கமும் பாக்கணும். டிம்பன் ஆம்பள, சிலா தான் மாட்டிக்கிச்சுன்னு அவங்களுக்கு யாரு சொன்னது? மொடுக்கினான்ல இருக்குற 'ஆன்', சிலாவைல இருக்குற 'ஐ'. இது அவங்க வாய்ல ஏற்கனவே இருக்கு, நாம அத பேப்பருக்கு கொண்டு வந்தா போதும். அதனால வாக்கியம் அமைக்க சொல்லித்தரும்போது நான் அட்டைய வெட்டுறதே வேற மாதிரி. ரெடிமேட் வொர்க்‌ஷீட்ல யானை, ராகியை, தின்றது.ன்னு மூணு கட்டம் இருக்கும், பசங்க புள்ளி வெச்ச கட்டத்த பாத்து கடைசில போட்டுடுவாங்க, பயங்கர கில்லாடிங்க. அதுல "ராகியை யானை தின்றது"ன்னு எழுதுனா தப்புன்னு சுழிச்சுடறாங்க, தமிழ்ல அது எப்டிங்க தப்பாகும்? நான் 'யானை' தனி, 'ராகி' தனி, 'ஐ' தனின்னு வெட்டி குடுப்பேன், ஒட்டும்போது யானையை ராகியைன்னு மாத்தி சொல்லி பாத்துக்குவாங்க. ஒருத்தன் 'ஐ'ய கொண்டு போய் யானையோட ஒட்டிட்டான், ராகி யானையைத் தின்றது, திண்ணையே சிரிச்சுது. அன்னிக்கு அப்புறம் வேற்றுமை உருபுன்னு நான் பேர் கூட சொல்லல, தேவைப்படல.

தெலுங்கு வீட்டு பசங்க "அக்கா வந்தது"ன்னு எழுதுவாங்க. தெலுங்குல அக்கா வந்தாலும் ஆடு வந்தாலும் 'வச்சிந்தி' தான். கன்னட வீட்டு பசங்களுக்கு இந்த தகராறு கம்மி, அதுல தமிழ் மாதிரியே பொம்பளைக்கு தனி முடிவு இருக்கு. நம்ம தமிழ் வீட்லயே "அக்கா வந்துச்சு"ன்னு தானே பேசறோம், அப்புறம் அந்த புள்ளைய மட்டும் இலக்கணம் வரலன்னு திட்டுனா எப்டி.

எனக்கு ரொம்ப நாளா உறுத்துன விஷயம் என்னன்னா பசங்க பேசும்போது நீளமா பேசறாங்க, எழுதும்போது துண்டு துண்டா ஆயிடுது. "நைட்டு யானை வந்து எங்க ராகிய மிதிச்சுட்டு அப்பா பட்டாசு போட்டதும் காட்டுக்குள்ள ஓடிடுச்சிக்கா"ன்னு மூச்சு விடாம சொன்ன பையன் நோட்ல, யானை வந்தது. யானை மிதித்தது. யானை ஓடியது. அதனால அவன் சொன்னத சொன்னபடியே போர்டுல எழுதி அதுக்கு கீழ புத்தகத் தமிழ்ல அவனையே மாத்த சொல்வேன், மிதிச்சுட்டு மிதித்துவிட்டு ஆகும், போட்டதும் அப்டியே நிக்கும். பேச்சுத் தமிழ போர்டுல எழுதாதம்மா கெட்டுப்போயிடும்னு ஒரு வாத்தியார் சொன்னாரு. கெட்டுப்போகல சார், நீளமா எழுதறாங்க.

புரிஞ்சு படிக்கிறதுக்கு பாதி உதவி பத்திக்கு வெளிய இருந்து தான் வருது. கடற்கரை பத்தி ஒரு பாடம், நல்லா படிக்கிற பொண்ணு தடவிட்டு நின்னுச்சு, அது அலைய பாத்ததே இல்ல. அதே வாரம் கர்நாடகா பக்கம் இருந்து வர்ற யானைக்கூட்டம், பரண்ல காவல்னு நானே ஒரு பத்தி எழுதி குடுத்தேன், எழுத்து கூட்டுறதுக்கே திணறுற பையன் எல்லா கேள்விக்கும் பதில் சொல்றான், நான் எழுதாத பதிலும் சொல்றான்! அறுவடை நெருங்குற நேரம் பாத்து தான் அது வரும், அதான் அப்பா வீட்ல தூங்க மாட்டாருன்னு. அதுக்காக ஊர் கதையே குடுத்துட்டு இருக்க முடியாது, கடலும் தெரியணும், அதனால இப்ப தெரியாத விஷயம்னா மொதல்ல போன்ல வீடியோ காட்டி கால்மணி நேரம் பேசிட்டு தான் புத்தகத்த தெறக்கறது.

இப்ப ஒரு ரூல் வெச்சிருக்கேன். பத்திய படிச்சதும் ஆளுக்கு ஒரு கேள்வி, பதில் எந்த வரிலயும் அப்டியே இருக்க கூடாது. ஆரம்பத்துல எல்லாம் "யானை என்ன கலர்?" தான். போன வாரம் நாலாவது படிக்கிற பொண்ணு கேட்டுச்சு, "அப்பா யானைய தொரத்துனாரு சரி, அந்த யானை அன்னிக்கு நைட்டு எங்க போய் சாப்ட்டுச்சு?" பக்கத்து ஊர் காட்டுலன்னு ஒரு கூட்டம், இல்ல திரும்ப இவங்க நெலத்துக்கே வந்திருக்கும்னு இன்னொரு கூட்டம், ரெண்டு பக்கமும் பத்திய எடுத்து வெச்சுக்கிட்டு வரி வரியா ஆதாரம் காட்டி கத்துனாங்க. அன்னிக்கு கணக்கு பாடம் நடக்கல.