காதல் பாட்டு ஒன்று தேவை

காதல் பாட்டு கேட்பதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். மெட்டில் மயங்கியதோடு விட மாட்டேன். யார் எழுதினார், யாரை நினைத்து எழுதினார், அந்த ஜோடி கடைசியில் என்ன ஆனது என்று துருவிப் பார்த்துவிடுவேன். இதனால் நல்ல பாட்டுகள் பல என் கையை விட்டுப் போயிருக்கின்றன. 1983-இல் வந்த 'எவ்ரி பிரெத் யூ டேக்' ஒன்று போதும். கேட்க அவ்வளவு இதம். வரிகளைக் கவனித்தால், நீ விடும் ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்கிறான் ஒருவன். எழுதிய ஸ்டிங்கே இது கண்காணிப்பும் பொறாமையும் கலந்த பாட்டு என்று சொல்லியிருக்கிறார். பாடிய குழுவின் பெயர் தி போலீஸ். வேறென்ன சொல்ல?

இப்படிப்பட்ட ஆளிடம் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, நம்ம கல்யாண நாளுக்கு ஸ்டேட்டஸ் போடணும். போட்டோவுக்குப் பின்னாடி ஓடுற மாதிரி ஒரு இங்கிலீஷ் லவ் சாங் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஒன்றைச் சொன்னாள். விட்னி ஹியூஸ்டன் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'.

"அது பிரிஞ்சு போறவங்க பாடுறதும்மா."

உண்மையில் காதலனைப் பிரிவதுகூட இல்லை. பாடகி டாலி பார்ட்டன், தன்னைத் தொலைக்காட்சியில் வளர்த்துவிட்ட போர்ட்டர் வாகனரிடமிருந்து விலகித் தனியே பாடப் போக முடிவெடுத்தபோது எழுதியது, 1974-இல் வெளியிட்டார். உலகத்திலேயே உருக்கமான ராஜினாமாக் கடிதம். அதைத்தான் விட்னி 1992-இல் பாட, அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது.

"சரி, 'லைலா'?"

"அது அடுத்தவர் மனைவிக்கு."

கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970-இல் அப்படி உருகியது நெருங்கிய நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி பேட்டி பாய்டுக்காக. ஆரம்பத்தில் வரும் கிடாரை மட்டும் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். ஒரு பார்வை பார்த்தாள்.

அப்புறம் அதே கிளாப்டன், அதே பேட்டி பாய்ட், 'வொண்டர்ஃபுல் டுநைட்'. இதற்குள் இருவரும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். விருந்துக்குக் கிளம்ப பேட்டி பாய்ட் உடை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, கீழே காத்திருந்த கிளாப்டன் கிடாரை எடுத்து எழுதியது, 1977-இல் வெளிவந்தது. காத்திருந்த எரிச்சலில் இப்படி ஒரு பாட்டு வருமென்றால், நான் இந்நேரம் நாலு ஆல்பம் போட்டிருக்க வேண்டும். இதை வாய்விட்டும் சொல்லித் தொலைத்தேன்.

"கடைசியில என்ன ஆகுது?"

"அவனுக்குத் தலைவலி. கார் சாவியை அவகிட்ட குடுத்துடுறான். அவதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து படுக்க வைக்கிறா."

"அதை நான் பாட்டு இல்லாமலே செய்யுறேன்."

பீச் பாய்ஸின் 'காட் ஒன்லி நோஸ்' பற்றிச் சொன்னேன். 1966-இல் வந்தது, இன்றைக்கும் கேட்டால் சிலிர்க்கும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே, உன்னை எப்போதும் காதலிப்பேன் என்று சொல்ல முடியாது என்கிறான். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். அவளுக்குப் பிடிக்கவில்லை.

மிச்சம் இருந்தது என் உயிர்ப் பாட்டு: டென் சிசி குழுவின் 'ஐ'ம் நாட் இன் லவ்', 1975. அந்தக் குழுவின் எரிக் ஸ்டூவர்ட்டிடம் அவர் மனைவி, காதலிக்கிறேன் என்று ஏன் அடிக்கடி சொல்வதில்லை என்று கேட்க, அதற்குப் பதிலாகப் பிறந்த பாட்டு. மனுஷர் பாட்டு முழுக்க, எனக்குக் காதலே இல்லை என்று சாதிக்கிறார். அதை நம்ப முடியாமல் செய்வது பின்னால் மிதக்கும் அந்தக் குரல்கள்தான். குழுவினர் மூன்று பேர் 'ஆ' என்று ஒவ்வொரு சுரத்தையும் திரும்பத் திரும்பப் பாடி, டேப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, நூற்றுக்கணக்கான குரல்களாக்கியது. பாட்டுப் பதிவுக்குக் கம்ப்யூட்டர் வராத காலம். வாய் பொய் சொல்ல, பின்னணி உண்மையைப் போட்டு உடைக்கும். இதைவிட நல்ல கணவர் பாட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

உற்சாகத்தில் ஒரு வரியின் பொருளையும் சொன்னேன். உன் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது ஆசையினால் இல்லை, அங்கே இருக்கும் கறையை மறைக்கத்தான் என்கிறார்.

அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து கூடத்துக்குப் போய், எங்கள் கல்யாணப் படத்தைச் சற்றே நகர்த்திப் பார்த்தாள். பின்னாலேயே போய் நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

"பார்த்தீங்களா!" என்று ஆரம்பித்தாள்.

அந்தப் படத்தை அங்கே மாட்டியது நீதான் என்றேன்.

ஸ்டேட்டஸ் பாட்டில்லாமல் போனது.